நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு ஒரு கிண்ணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது கும்மிடிப்பூண்டியில் இன்னும் பல பேர் மனதில் இருக்கும் கேள்வி. கேட்கத்தான் கூச்சம்.

கம்பெனி உங்களைப் பயிற்சிக்காக மலேசியாவின் பினாங்குக்கு அனுப்பியது. தங்கிய இடத்துக்குக் கீழேயே ஒரு கோப்பிக் கடை. காலையில் மீன் உருண்டை மிதக்கும் தெளிந்த சாறில் கொய்த்தியோ என்ற பட்டை அரிசி நூடுல்ஸ், சில நாள் மீஹூன் என்ற மெல்லிய அரிசி நூடுல்ஸ். பழகிவிட்டது. திரும்பி வந்து சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வெளியே வந்தால் இட்லி, பொங்கல், பூரி, வடை. ‘கடல் இருக்கிறது, ஏரி இருக்கிறது, அரிசி மாவு இருக்கிறது. காலையில் ஒரு மீன் நூடுல்ஸ் சூப் மட்டும் ஏன் இல்லை?’ என்று கேட்கிறீர்கள். கூடவே, இதை வெளிநாட்டு ஆசை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கேலி செய்கிறவர்களுக்கு முதல் பதில். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் பழைய தொண்டை நாடு. அந்த நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் அப்பம் சுட்டு விற்கும் கூவியர் வருகிறார்கள். நூல்நூலாகச் சுற்றிய வட்டமான பலகாரம் பாலில் கிடப்பதைப் புலவர் அங்கே ஓர் உவமையாக எடுத்துக்கொள்கிறார். அது இடியாப்பம்தான் என்று படிக்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. இழையைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட இந்த மண்ணில் யாரும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பினாங்கின் புகழ்பெற்ற அஸ்ஸாம் லக்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கானாங்கெளுத்தியை (நம் மீன்காரம்மா வாயில் கானாங்கத்தை) வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, மிளகாய் அரைத்துப் போட்டுக் கொதிக்கவிட்ட சாறு. அதை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி வெள்ளரி, வெங்காயம், புதினா, அன்னாசித் துண்டு தூவி, மேலே கொஞ்சம் இறால் விழுது விடுகிறார்கள். அன்னாசியையும் விழுதையும் எடுத்து ஓரம் வைத்துவிட்டால் மிஞ்சுவது நீர்க்க வைத்த மீன் குழம்பு. இதில் உங்கள் வீட்டார் சிரிக்க என்ன இருக்கிறது?

பிறகு ஏன் கடையில் இல்லை? காரணம் சமையலறையில் இல்லை, கல்லாவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காலைக் கடை என்றாலே டிபன் ஹோட்டல். அந்த டிபன் ஹோட்டலுக்கு உருவம் கொடுத்தவர்கள் உடுப்பிக்காரர்களும் பிராமணாள் காபி கிளப்காரர்களும். கே. கிருஷ்ணராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கியபோது, சாம்பாரும் சட்னியும் காபியும் சேர்ந்த காலை என்பது ஏற்கெனவே பட்டணத்தின் ஒழுங்காகியிருந்தது. அந்த ஒழுங்கைப் பின்னால் வந்த எல்லோரும் பின்பற்றினார்கள். மதியம் பிரியாணியும் மீன் வறுவலும் போடும் கடைக்காரரே காலை பத்து மணி வரை ‘சைவம்’ என்று தனிப் பலகை மாட்டுவார். வெள்ளி, செவ்வாய், சனி என்று கவிச்சி தொடாத கிழமைகளும் உண்டு. காலையில் வருகிற பத்துப் பேரில் இரண்டு பேருக்கு வாடை பிடிக்காது என்றால், மீதி எட்டுப் பேரும் இட்லி சாப்பிட வேண்டியதுதான்.

இன்னொரு காரணம் மீனின் நேரம். படகு விடிகாலையில் கரைக்கு வருகிறது. ஏலம் போய், ஐஸ் பெட்டியில் ஏறி, சந்தைக்கு வந்து, அலசி, அறுத்து அடுப்பில் ஏறும்போது மணி ஒன்பது, பத்து ஆகிவிடும். அன்றைய மீன் டிபனுக்கு ஆகாது, சாப்பாட்டுக்குத்தான் ஆகும். டிபனுக்கு ஆவது நேற்றைய மீன். இதை நம் வீடுகள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கின்றன. நேற்று வைத்த மீன் குழம்பை மறுநாள் காலை சுடவைத்து இட்லிக்கு ஊற்றிக்கொள்வதற்கு ஈடு எந்த ஹோட்டலிலும் கிடையாது. அது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்ட ருசி. விலைக்கு விற்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாமிசச் சாறு காலைக்கு ஒத்துவராது என்று சொல்லவும் முடியாது. திருவல்லிக்கேணியில், ஆம்பூர் வாணியம்பாடியில், இன்னும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில், இடியாப்பம் பாயா காலை உணவு. ஆட்டுக்காலை இரவெல்லாம் வேகவிட்டு எடுத்த சாறு, அதில் ஊறிய அரிசி இழை. மதுரையில் இட்லிக்குக் குடல் குழம்பு கேட்கிறவர்கள் உண்டு. பாயாவில் ஆட்டுக்காலுக்குப் பதில் மீனைப் போட்டால் நீங்கள் கேட்பது வந்துவிடுகிறது. அதையும் ஏற்கெனவே தமிழர்கள் செய்திருக்கிறார்கள். எங்கே என்றால், பர்மாவில். அங்கிருந்து கப்பலில் இங்கே கொண்டும் வந்தார்கள். உங்கள் ரயில் பாதையின் மறுமுனையில்தான் அது இருக்கிறது.

கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் துறைமுகத்திலும் ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களிலும் அரிசி ஆலைகளிலும் தமிழர்கள் இரண்டு மூன்று தலைமுறை உழைத்தார்கள். வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் கதை எல்லோருக்கும் தெரியும். மூட்டை தூக்கியவர்கள் கதை அவ்வளவாகத் தெரியாது. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே கிளம்பினார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போய்ப் பிழைப்பைத் தொடர்ந்தார்கள். 1962 மார்ச்சில் தளபதி நீ வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். 1964-இல் கடைகள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ரொக்கமாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் ஒன்றுமில்லாதவர்கள் ஆனார்கள். கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் லட்சத்துக்கும் மேல். வியாசர்பாடி சர்மா நகர் மாதிரி வடசென்னையில் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழும்பின. 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. இங்கே ஒட்டாமல் திரும்ப பர்மாவுக்கே போகப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே அவர்கள் கட்டிய அங்காள பரமேஸ்வரி கோயில் இன்றும் இருக்கிறது.

அப்படி வந்தவர்கள் நாக்கில் கொண்டுவந்தது இரண்டு. ஒன்று அத்தோ. இன்னொன்று மொய்ங்கா என்ற மீன் நூடுல்ஸ் சூப்; மொஹிங்கா என்றும் சொல்வார்கள்.

அத்தோவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் சாயங்காலம் போனால் வரிசையாகத் தள்ளுவண்டிகள். தடித்த மஞ்சள் நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த பூண்டு, பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ என்ற பொரித்த மொறுமொறுப்பு. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போடுவார். வேகவைத்த முட்டையைக் கீறி, வதக்கிய வெங்காயத்தை அடைத்துத் தனியாகத் தருவார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். கேட்கக் கேட்க ஊற்றுவார், காசு கிடையாது.

அந்த ஓசிச் சூப்பில்தான் என் கண். அதை நிதானமாகக் குடித்துப் பாருங்கள். மஞ்சள், பூண்டு, மிளகு, கடலைமாவின் வழவழப்பு, வட்டமாக நறுக்கிய வாழைத்தண்டு. இது மொய்ங்காவின் சாறுதான், மீன் மட்டும் இறங்கிப் போய்விட்டது என்பது என் கணிப்பு. மீன் வாடைக்கு முகம் சுளிக்கிறவர்களும் வாடிக்கையாளர்கள் ஆனபோது பெரும்பாலான கடைகளில் சூப் சைவமாகிவிட்டது. எந்தச் சாறுக்காக ஒரு நாடு முழுக்கக் காலையில் எழுந்து தெருவுக்கு வருகிறதோ, அது சென்னையில் அத்தோவுக்குத் தொட்டுக்கொள்ளும் துணையாகிவிட்டது. காலைச் சாப்பாடு மாலைச் சிற்றுண்டி ஆனது. எனக்கு இதில் வருத்தம்தான். அத்தோவுக்கு ரசிகர்கள் கிடைத்ததில் சந்தோஷம்; மொய்ங்காவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. மீன் போட்ட மொய்ங்கா விற்கும் கடைகள் சிலவே. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மொய்ங்கா எப்படிச் செய்வது என்று சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். பர்மாவில் பெரும்பாலும் ஆற்றுக் கெளுத்தி. சில ஊர்களில் விரால். மீனை மஞ்சள், உப்பு, தட்டிய எலுமிச்சைப்புல், இஞ்சி போட்டு முழுசாக வேகவைக்க வேண்டும். வெந்ததும் எடுத்து ஆறவிட்டு, முள்ளை நீக்கிச் சதையை உதிர்த்துக்கொள்ள வேண்டும். தலையையும் முள்ளையும் எறிய வேண்டாம்; நசுக்கித் திரும்ப அதே தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சாறுக்கு உடம்பு வரும். இன்னொரு சட்டியில் எண்ணெய் ஊற்றி, வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய் அரைத்த விழுதை எண்ணெய் பிரியும் வரை வதக்கி, உதிர்த்த மீனை அதில் போட்டுப் பிரட்ட வேண்டும். பச்சை வாடை போவது இந்த இடத்தில்தான். அவசரப்பட்டால் மொத்தமும் கெட்டது.

பிறகு கெட்டிப்படுத்தும் வேலை. பச்சரிசியைச் சிவக்க வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். கடலைமாவையும் வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, இரண்டையும் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் சாறில் சிறிது சிறிதாக விட வேண்டும். சாம்பாரை விடக் கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஆற ஆற அது இறுகும். நார் எடுத்து வட்டமாக நறுக்கிய வாழைத்தண்டும் முழுச் சின்ன வெங்காயமும் போட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். பர்மாக்காரர்கள் மீன் சாஸும் ஙாப்பி என்ற மீன் விழுதும் சேர்ப்பார்கள். நம் ஊரில் அதற்குப் பதில் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றைப் பொடித்துப் போட்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். பர்மாக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சண்டை வேண்டாம்.

பரிமாறும்போது கிண்ணத்தில் முதலில் அரிசி நூடுல்ஸ், மேலே கொதிக்கக் கொதிக்கச் சாறு, வேகவைத்த முட்டை பாதி, கொத்தமல்லி, வறுத்த பூண்டு, எலுமிச்சை ஒரு பிழி, மிளகாய்த் தூள். கடைசியாகப் பருப்போ காயோ போட்டுப் பொரித்த மொறுமொறுப்பு ஒன்றை நொறுக்கித் தூவ வேண்டும். பாதி நனைந்தும் பாதி நனையாமலும் அது இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ரங்கூன் தெருக்களில் இது விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் அண்டா காலியாகிவிடும் சாப்பாடு. அரக்கான் பக்கத்தில் இதற்கே இன்னொரு வடிவம் இருக்கிறது. மாவு போட்டுக் கெட்டியாக்காமல், மிளகுக் காரத்தோடு தெளிவாக நிற்கும் மீன் சாறு. உங்கள் பினாங்கு நினைவுக்கு அதுதான் இன்னும் கிட்ட வரும்.

நூடுல்ஸுக்கு இடியாப்பம் ஆகுமா என்றால், அவசரத்துக்கு ஆகும். ஆனால் வறுத்த மாவில் பிழிந்த இடியாப்பம் கொதிக்கும் சாறில் சீக்கிரம் குழைந்துவிடும். ஊற்றிய உடனே சாப்பிடுகிறவருக்குச் சரி. பேசிக்கொண்டே சாப்பிடுகிறவருக்குக் கிண்ணத்தில் கூழ்தான் மிஞ்சும். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, மாவை வேகவைத்து, பிறகு பிழிகிற கொங்கு நாட்டுச் சந்தகை இதற்கு இன்னும் பொருத்தம். இழை அறுந்தாலும் கரையாது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021-இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அங்கே பிறந்து வளர்ந்து, உங்களோடு அதே சிப்காட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவரிடம் காலையில் வீட்டில் என்ன என்று கேட்டுப் பாருங்கள். இடியாப்பமும் சொதியும் என்று பதில் வர நிறைய வாய்ப்பு. தேங்காய்ப் பாலில் பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள், வெந்தயம் போட்டு மெல்லக் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது சொதி. அதில் மீன் துண்டோ இறாலோ போட்டால் மீன் சொதி, இறால் சொதி. குழிந்த தட்டில் இடியாப்பத்தை வைத்து, மூழ்கும்வரை மீன் சொதியை ஊற்றினால் அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? தேங்காய்ப் பால் சேர்ந்த லக்சாவும் இதுவும் பங்காளிகள்.

யாழ்ப்பாணத்து ஒடியல் கூழையும் சொல்ல வேண்டும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு, நண்டு, இறால், கணவாய், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையில். இழை கிடையாது, காலைக்கும் இல்லை. ஊர் கூடி மாலையில் குடிப்பது. ஆனால் கடல் முழுவதையும் ஒரு சட்டியில் கொதிக்கவிட்டுக் குடிக்கும் வித்தை தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதற்கு அதை விடச் சாட்சி வேண்டுமா?

மீனுக்கும் பஞ்சமில்லை. பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, வாய் நம் பக்கம். மடவை, கொடுவா, கெளுத்தி, கிழங்கான், வெள்ளை இறால், பச்சை நண்டு. ஏரியில் எந்த ஊர் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதைப் ‘பாடு’ என்ற முறையில் மீனவக் கிராமங்கள் தங்களுக்குள்ளேயே முறை வைத்துப் பிரித்துக்கொண்டு வந்திருக்கின்றன. வலையே இல்லாமல், தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கடல் மீன் விலை ஏறும். அந்த மாதங்களில் ஏரி மீனைத் தேடலாம். மொய்ங்காவுக்குக் கெளுத்தி என்றேன். பழவேற்காட்டு மடவையும் எனக்குச் சம்மதம். கொழுப்புள்ள மீன், சாறு கனமாக வரும், சதை சுலபமாக உதிரும். அதற்கு விலை உயர்ந்த வஞ்சிரத்தைப் போடுவது வீண் செலவு. உதிர்த்துக் கரைக்கப்போகிற மீனுக்கு ஏன் துண்டழகு?

எந்தத் தண்ணீர் மீன் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் பல காலமாகச் சேர்ந்திருக்கிறது. இதை மீனவர்கள்தான் முதலில் சொன்னார்கள், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற நாம் மீன் சூப்பைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் விட்டால் அது வெறும் நாக்குப் பேச்சு.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்: அந்தச் சூப்பின் நினைப்பு நைட் ஷிப்ட் முடிந்த காலையில்தான் அதிகம் வருகிறது என்று. கடிதத்தின் சாரமே அதுதான் என்று எனக்குப் பட்டது. டிபன் ஹோட்டலின் காலை என்பது தூங்கி எழுந்து, குளித்து, விபூதி வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவருடைய காலை. அவருக்கு இட்லியும் காபியும் போதும். சிப்காட்டின் காலை வேறு. ரோலிங் மில்லில் உலைக்கு முன்னால் இரவெல்லாம் நின்று வியர்த்துக் கொட்டியவருக்கு ஆறு மணி என்பது நாள் முடிகிற நேரம். அவருக்கு அது ராச்சாப்பாடு. உடம்பு உப்பும் சூடும் தண்ணீரும் கேட்கிறது. சட்னியோடு நாலு இட்லியை விழுங்கினால் நெஞ்சிலே நிற்கிறது. எண்ணெய்ப் பூரி தூக்கத்தைக் கெடுக்கிறது. சூடான மீன் சாறு, கொஞ்சம் அரிசி இழை, ஒரு முட்டை, ஒரு பிழி எலுமிச்சை என்றால் இறங்கவும் இறங்கும், தூங்கவும் விடும். ஆசியாவின் துறைமுகங்களிலும் சந்தைகளிலும் விடியற்காலையில் இழையும் சாறும் விற்பதில் இப்படி இரவில் வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் பேட்டையில் சாப்பிடுகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். ஒடிசா, வங்காளம், அசாம், வடகிழக்கு மாநிலங்கள் என்று மீனும் சோறும் பிரதானமான ஊர்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர். அவர்களுக்குக் காலையில் மீன் என்பது முகம் சுளிக்கும் விஷயமே இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் கடை வைக்கிறவர்கள் இவர்களுக்காக யோசித்தது பரோட்டாவோடும் ஆலு சப்ஜியோடும் நின்றுவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரியக் கார் கம்பெனி வந்ததும் கொரியச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. அதிகாரிகளின் நாக்குக்குக் கடை உடனே வரும். தொழிலாளியின் நாக்குக்கு வர நாளாகும். கேட்காமல் வரவே வராது.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது சுலபம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களில் சில கடற்கரை நிலையம் வரை போகின்றன. இல்லாவிட்டால் சென்ட்ரலில் இறங்கினாலும் தூரம் அதிகமில்லை. லீவு நாள் சாயங்காலம் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பர்மா பஜாருக்குப் போங்கள். அத்தோ வாங்கிக் கொடுங்கள், கேலியெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் மட்டும் மீன் மொய்ங்கா எந்த வண்டியில் என்று விசாரியுங்கள். கடைக்காரர் வயசானவராக இருந்தால், அவர் வீட்டில் காலையில் அது எப்படிச் செய்வார்கள் என்றும் கேளுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன் போனால் பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்கும்.

இரண்டாவது கொஞ்சம் வேலை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும் என்று சொன்னதோடு நிற்கவில்லை. அதை நடத்துவதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தது. உங்கள் தொழிற்சாலையிலும் ஒரு கேன்டீன் கமிட்டி இருக்கும். அதன் கூட்டங்களில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்: சாம்பார் தண்ணி, வடை சின்னது. இந்தத் தடவை நீங்கள் போய், ஒரு மாதம், வாரம் ஒரு நாள், நைட் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஓர் அண்டா மொய்ங்காவோ மீன் சொதியும் சந்தகையுமோ போட்டுப் பார்க்கலாம் என்று கேளுங்கள். கவிச்சி வேண்டாதவர்களுக்கு அதே வாழைத்தண்டு சூப் மீன் இல்லாமல் தனி அண்டாவில். நேற்றைய மீனை ஐஸில் வைத்திருந்து இரவிலேயே வேகவைத்துவிட்டால் காலை நேரப் பிரச்சினையும் கிடையாது. இந்தச் சாறு நின்று ஊறினால்தான் ருசி. சமையல்காரர் தயங்கினால் முகாமிலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளையின் அம்மாவிடம் சொதிக்குப் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அவருக்குச் சன்மானம் கொடுக்கவும் கமிட்டியிடம் சொல்லுங்கள். பக்குவம் இலவசம் இல்லை.

கமிட்டி மறுத்தால், என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஒப்புக்கொண்டால் எந்தக் கிழமை என்று எழுதுங்கள், முதல் வண்டியில் வந்துவிடுகிறேன். கேட்டில் எனக்கு ஒரு பாஸ் மட்டும் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்